கொடியை இறக்கினால் ஓட்டு ஏறுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடி ஏதாவது ஒரு விஷயத்தைப் பேசுவோம். இடம் நண்பர் ஒருவரின் வீட்டு முகப்பு. காபிச் செலவு மாதத்துக்கு ஒருவர். போன கூட்டத்தில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சட்டமன்ற வளாகத்தில் பறந்துகொண்டிருந்த ஒரு பழைய போர்க்கொடியை 2015-ல் இறக்கிய கதையை நான் சொன்னேன். கதை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மிச்ச இரண்டு மணி நேரமும் "இறக்கச் சொன்ன அரசியல்வாதிக்கு அதில் என்ன வரும்படி?" என்ற பேச்சுதான். தலைமுறை தலைமுறையாக வட்டிக்கணக்கு எழுதிய ஊர், கேள்வி அப்படித்தான் வரும். கூட்டத்துக்கு வராதவர்களும் வாட்ஸப்பில் அதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலித்ததால், மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

அது என்ன கொடி? ஒரு துணிக்கு ஏன் இவ்வளவு சண்டை?

அடிமை முறையை விடமாட்டோம் என்று அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பதினொன்று பிரிந்துபோய்த் தனி நாடு அமைத்தன. முதலில் பிரிந்தது தென் கரோலினா, 1860 டிசம்பரில். அடுத்த ஏப்ரலில் போர் தொடங்கியது. 1865-ல் தோற்றார்கள். அந்தப் படைகள் பிடித்த கொடிதான் இது: சிவப்புத் துணி, குறுக்கே நீலப் பட்டைகள், அதில் வெள்ளை நட்சத்திரங்கள். வெள்ளைக்காரக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது போரில் செத்த பாட்டனார் நினைவு. கறுப்பின மக்களுக்கு அது பாட்டனார் முதுகில் விழுந்த சாட்டை.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். போர் முடிந்த நாளிலிருந்து அந்தக் கொடி அங்கே பறக்கவில்லை. சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தில் அதை ஏற்றியது 1961-ல், போரின் நூற்றாண்டு என்று சொல்லி. 1962-ல் அதற்கு ஒரு தீர்மானமும் போட்டார்கள். எந்தத் தேதியில் இறக்குவது என்று அந்தத் தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை. கறுப்பின மாணவர்கள் ஓட்டல்களில் சமமாக உட்கார்ந்து சாப்பிடும் உரிமைக்காக அடி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. நூற்றாண்டு விழா மட்டும்தான் காரணம் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

சரி, ஏற்றியவன் நோக்கத்தை யாராவது கேட்டார்களா?

கேட்கவில்லை. வைக்கும்போது விழா, எடுக்கும்போது விசாரணை. எல்லா ஊரிலும் அப்படித்தான்.

2015-ல் இறக்கச் சொன்ன நிக்கி ஹேலி மனம் மாறிச் சொன்னாரா, அரசியல் கணக்குப் போட்டுச் சொன்னாரா?

இதுதான் அதிகம் பேர் கேட்ட கேள்வி. ஹேலி அப்போது அந்த மாநில ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் நம்ம முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. பஞ்சாபிலிருந்து போன சீக்கியப் பெற்றோரின் மகள். 2014 தேர்தல் விவாதத்தில் கொடியைப் பற்றிக் கேட்டபோது, எந்தக் கம்பெனித் தலைவரும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்கிற தொனியில் பதில் சொல்லி நகர்ந்துவிட்டார்.

2015 ஜூன் 17 இரவு சார்ல்ஸ்டன் நகரத்தில் ஒரு கறுப்பினத் தேவாலயத்தில், வேத வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். செத்தவர்களில் ஒருவர் கிளெமென்டா பிங்க்னி. அந்தத் தேவாலயத்தின் போதகர், மாநில மேலவை உறுப்பினரும்கூட. கொலையாளி அதே கொடியைப் பிடித்துக்கொண்டு எடுத்த படங்கள் வெளியே வந்தன. துக்கத்துக்காகத் தேசியக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக்கம்பத்துக்கு இறங்கின. இந்தக் கொடி மட்டும் உச்சியிலேயே நின்றது, அதைத் தொடவே சட்டமன்றம் கூட வேண்டும் என்பது சட்டம். பிங்க்னியின் உடலைச் சட்டமன்றக் கட்டடத்தில் அஞ்சலிக்கு வைத்தபோது, வெளியே பறக்கும் கொடி கண்ணில் படாமலிருக்க ஒரு ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். கொடியை இறக்க அதிகாரம் இல்லை, ஜன்னலை மூடத்தான் அதிகாரம் இருந்தது.

ஜூன் 22-ல் ஹேலி கொடியை எடுக்கச் சொன்னார். மேலவை ஒப்புக்கொண்டது. கீழவையில் பல மணி நேரம் இழுத்தடித்து, நள்ளிரவுக்கு மேல் 94-க்கு 20 என்று நிறைவேறியது. ஜூலை 10-ல் கொடி இறங்கியது.

இப்போது ஐந்தொகை போட்டுப் பார்க்கலாம். வரவுப் பக்கம்: அவர் இரண்டாவது முறை ஆளுநர், தொடர்ந்து மூன்றாவது முறை நிற்க முடியாது, அதனால் உள்ளூர் ஓட்டுப் பயம் குறைவு. நாடு முழுக்கப் பெயர் கிடைத்தது. 2017-ல் ஐ.நா. தூதர், 2024-ல் அதிபர் வேட்பாளர் போட்டி வரை போனார். மாநிலத்தில் பி.எம்.டபிள்யூ., போயிங் தொழிற்சாலைகள் இருந்தன, வால்மார்ட்டும் அமேசானும் அந்தக் கொடிச் சாமான்களை விற்பதை அந்த வாரமே நிறுத்தின. பற்றுப் பக்கம்: சொந்தக் கட்சியின் ஆதரவாளர்களில் கணிசமானவர்கள் அந்தக் கொடியை விரும்பியவர்கள். அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட அவருடைய கட்சிக்காரர்கள் பலர் அந்த வாரம் பட்டும் படாமலும் பேசினார்கள். அவர்கள் நழுவிய இடத்தில் இவர் நின்றார்.

ஒன்பது இறுதிச் சடங்குகளுக்குப் போய்வந்த ஒருவரின் மனம் மாறவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் 2019-ல் அவரே, சிலருக்கு அந்தக் கொடி தியாகமும் பாரம்பரியமுமாக இருந்தது, கொலையாளிதான் அதைக் கடத்திக்கொண்டு போய்விட்டான் என்ற பொருளில் பேசினார். 2023 கடைசியில் உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று ஒரு கூட்டத்தில் கேட்டபோது அடிமை முறை என்ற சொல்லை விட்டுவிட்டுப் பதில் சொன்னார், மறுநாள் திருத்திக்கொண்டார். ஆகவே மனமும் இருந்தது, கணக்கும் இருந்தது. ஆட்கள் மாறும்போது விகிதமும் மாறியது.

இறக்கச் சொல்லி நஷ்டப்பட்டவர் யாராவது உண்டா?

உண்டு. டேவிட் பீஸ்லி. அதே மாநிலம், அதே கட்சி. கொடியைத் தொடமாட்டேன் என்று சொல்லி ஜெயித்தவர், 1996-ல் தொலைக்காட்சியில் வந்து குவிமாடத்திலிருந்து இறக்கலாம் என்றார். சட்டமன்றம் கேட்கவில்லை. கொடி ஆதரவாளர்கள் அவரை மறக்கவும் இல்லை. 1998 தேர்தலில் தோற்றார். தோல்விக்கு லாட்டரி, சூதாட்ட விவகாரங்களும் காரணம், கொடியும் ஒரு காரணம். 2003-ல் கென்னடி நூலகம் அவருக்குத் துணிச்சலுக்கான விருது கொடுத்தது. பிறகு ஐ.நா. உலக உணவுத் திட்டத்தின் தலைவரானார், 2020-ல் அந்த அமைப்புக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. நஷ்டம் என்று எழுதியது பின்னால் வரவானது தனிக்கதை. 1996-ல் அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பத்தொன்பது வருஷ இடைவெளியில் ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவருக்குப் பதவி போனது, இன்னொருவருக்குப் பெயர் வந்தது. நடுவில் நடந்ததைப் பார்த்தால் காரணம் புரியும். 2000 ஜனவரியில் ஏறத்தாழ 46,000 பேர் தலைநகரில் ஊர்வலம் போனார்கள். கறுப்பின உரிமைச் சங்கம் அந்த மாநிலத்துக்குச் சுற்றுலா போகாதீர்கள் என்று புறக்கணிப்பு அறிவித்தது. அதற்கு மசிந்து, அந்த வருஷம் ஒரு சமரசம்: குவிமாடத்திலிருந்து இறக்கி, கட்டடத்துக்கு முன்னால் வீரர் நினைவுத்தூண் அருகே 30 அடிக் கம்பத்தில் ஏற்றினார்கள். பரணில் இருந்ததை எடுத்துத் திண்ணையில் வைத்த மாதிரி. 2015-ல் பிரீ நியூசம் என்ற பெண் அந்தக் கம்பத்தில் ஏறிக் கொடியைக் கையில் எடுத்துவந்து கைதானார், ஒரு மணி நேரத்துக்குள் புதுக் கொடி ஏற்றிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர் படம் பத்திரிகையில் வரும். கம்பத்தின் அடி மண்ணை முப்பது வருஷமாகப் பறித்தவர்கள் வேறு ஆட்கள்.

"இது வெறும் அரசியல்" என்று கொடியை இறக்கக் கூடாது என்றவர்கள் சொன்னதில் தப்பு என்ன? உண்மைதானே?

உண்மைதான். ஆனால் அந்த உண்மையை எந்த நேரத்தில் எடுத்துப் போடுகிறார்கள் என்று பாருங்கள். "இந்தக் கொடி அரசாங்க வாசலில் பறக்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்கிறார். "நீ ஏன் இப்போது கேட்கிறாய்?" என்று பதில் வருகிறது. பதில் சொல்ல வேண்டியவர் கேள்வி கேட்கிறவராகிவிட்டார், கேட்டவர் தன் யோக்கியதையை நிரூபித்துக்கொண்டு நிற்கிறார். பங்காளி வழக்கில் பார்த்திருப்பீர்கள். பத்திரத்தில் எல்லை எங்கே என்று கேட்டால், "இத்தனை நாள் இல்லாத அக்கறை இப்போது எங்கிருந்து வந்தது?" என்பார்கள். எல்லைக்கல் அப்படியே இருக்கும்.

கூட்டத்துக்கு வரும் ஆச்சி ஒருவர் இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "மொய் எழுதும்போது பாசத்தில் தருகிறாரா, நாளைக்குத் திரும்ப வாங்கத் தருகிறாரா என்று கேட்டா எழுதுகிறோம் தம்பி? பேர், ஊர், தொகை." நோக்கத்தைக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் தொகையை எழுதிவிட்டுக் கேட்கலாம்.

நம்ம பக்கத்தில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நாம் வசிக்கும் மாவட்டத்தின் பெயரே அந்தக் கதைதான். 1985 மார்ச் 15-ல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது இந்தப் பகுதிக்கு வைத்த பெயர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் திருமகன் மாவட்டம். பக்கத்தில் விருதுநகர்ப் பகுதி காமராஜர் மாவட்டமானது. ஈரோடு பெரியார் மாவட்டம், திண்டுக்கல் அண்ணா மாவட்டம், தூத்துக்குடி வ.உ.சி. மாவட்டம். போக்குவரத்துக் கழகங்களுக்கும் அப்படித்தான். காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட கழகத்துக்கு மருது பாண்டியர் பெயர். மருது சகோதரர்களை ஆங்கிலேயர் 1801 அக்டோபர் 24-ல் தூக்கிலிட்டது இங்கே பக்கத்தில் திருப்பத்தூரில். அதனால் அந்தப் பெயர் பேருந்தில் இருந்தது யாருக்கும் வினோதமாகத் தெரியவில்லை. தேவகோட்டைக்கு எந்த பஸ் என்று கேட்டால் "அந்த மருதுபாண்டியர் நிற்குதே" என்பார்கள். பள்ளிக்கூடம் போகும்போது நான் அந்த எழுத்துகளை ஜன்னல் பக்கம் நின்று விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

பெயர் வைத்ததில் மரியாதை இருந்தது, ஓட்டும் இருந்தது. ஒரு கட்சி ஒரு தலைவர் பெயரை வைத்தால் இன்னொரு கட்சி இன்னொருவர் பெயரை வைக்கும். பட்டியல் நீண்டுகொண்டே போனது, ஒரு பெயர் வரும்வரை.

1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதுக் கழகம் ஒன்றைத் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைத் தி.மு.க. அரசு வைத்தது. கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரகுல வேளாளர் சமூகம் போற்றும் வீரர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று மற்ற சாதிகளைச் சேர்ந்த சிலர் கிளம்பினார்கள். கலவரம், தீவைப்பு, உயிர்ப்பலி. ஜூலையில் அரசு ஒரு முடிவெடுத்தது: எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுப்பது. நம்ம மாவட்டம் சிவகங்கை ஆனது. பணிமனையில் மருது பாண்டியர் மேல் ஒரு கோட்டுப் பெயின்ட் ஏறி, அதன் மேல் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று வந்தது. சில வண்டிகளில் கொஞ்ச நாள் வெயில் பட்டால் கீழே இருந்த பழைய எழுத்துத் தெரியும்.

எல்லாப் பெயரையும் எடுத்தது நல்ல முடிவுதானே? பாரபட்சம் இல்லையே?

இதில் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது, நான் சிறுபான்மை.

எரிகிற ஊரை அணைக்க வேண்டும் என்பது அரசின் வேலை. அதைச் செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். பெயர் வைத்த கட்சியே தன் தலைவரான அண்ணாவின் பெயரையும் சேர்த்து எடுத்தது, அதற்கும் கொஞ்சம் மனம் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் எடுத்ததால் ஒரு வாக்கியத்தை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை: "சுந்தரலிங்கம் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டேன் என்பது தப்பு." அதைச் சொன்னால் ஓட்டுப் போகும். எல்லாப் பெயரையும் எடுத்தால் யார் ஓட்டும் போகாது. சேரன், சோழன், பாண்டியன், பல்லவன் பெயரில் இருபது வருஷத்துக்கு மேல் சண்டையில்லாமல் ஓடிய வண்டிகள் சுந்தரலிங்கம் பெயர் வந்த சில வாரங்களில் பிரச்சினையாயின. பிரச்சினை பெயர்ப்பலகையில் இருந்ததா, ஏறமறுத்தவர் மனத்தில் இருந்ததா?

தென் கரோலினாவில் இறக்கியது, ஒருவரை அடிமையாக வைத்திருந்தவர்களின் கொடி. இங்கே இறக்கியது, அடிபட்ட மக்களுக்குக் கிடைத்த ஒரு பெயரையும் சேர்த்து. அகற்றுவது என்ற வினைச்சொல் ஒன்றே தவிர, இரண்டும் ஒரே காரியம் இல்லை. எதிர்த்துப் பேசிய நண்பர், "நீ சொல்வது சரி, ஆனால் அந்த ஜூலையில் நீ மந்திரியாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

கண்ணகி சிலை விவகாரம்?

1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் வைத்த சிலை. 2001 டிசம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் எடுக்கப்பட்டது. லாரி மோதிப் பீடம் சேதமானது என்றார்கள், வாஸ்து என்று ஊர் பேசியது. 2006 ஜூன் 3-ல், தன் பிறந்தநாளன்று, கருணாநிதி திரும்ப நிறுவினார். எடுத்தவரும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை, வைத்தவர் தேதியிலேயே சொல்லிவிட்டார்.

பெரியார் சிலை பற்றிய பேச்சில் காரைக்குடி பெயர் அடிபட்டதே?

2018 மார்ச்சில் திரிபுராவில் லெனின் சிலையை இடித்தார்கள். அடுத்த நாள், காரைக்குடியைச் சேர்ந்த பா.ஜ.க. தலைவர் எச். ராஜாவின் முகநூல் பக்கத்தில், அடுத்தது இங்கே பெரியார் சிலை என்ற பொருளில் ஒரு பதிவு வந்தது. அன்றிரவே திருப்பத்தூரில் பெரியார் சிலை ஒன்று சேதப்படுத்தப்பட்டது (நம்ம திருப்பத்தூர் இல்லை, வேலூர் பக்கத்துத் திருப்பத்தூர்). பதிவு நீக்கப்பட்டது. தன் அனுமதி இல்லாமல் அட்மின் போட்டது என்று சொல்லி வருத்தம் தெரிவித்தார். 2019-ல் சிவகங்கையிலும் 2021-ல் காரைக்குடியிலும் நின்று தோற்றார். அந்தப் பதிவால்தான் தோற்றார் என்று சொல்ல மாட்டேன், தேர்தல் அவ்வளவு எளிமையான கணக்கு இல்லை.

2023 ஜனவரியில் கோட்டையூரில் ஒரு வீட்டு வளாகத்துக்குள் வைத்த பெரியார் சிலையை அதிகாரிகள் அகற்றினார்கள். ஓரிரு நாளில் தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் இடமாற்றம். அங்கே விவாதம் என்று ஒன்று நடக்கவே இல்லை.

கட்சிக் கொடிக்கம்பங்களை எடுக்கச் சொன்னார்களே, அது?

2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பொது இடங்களில் நிரந்தரமாக நட்ட கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை 12 வாரத்தில் எடுக்கச் சொன்னது. அப்புறம் மேல்முறையீடு, பெரிய அமர்வு என்று நீண்டது. ஊர் முனையில் எத்தனை கம்பம் என்று எண்ணிப்பாருங்கள். எதிரெதிர்க் கட்சிகள் வரிசையாக, தோள் உரசி நிற்கும். அடுத்தவன் கம்பம் இடைஞ்சல், என் கம்பம் வரலாறு.

இதையெல்லாம் மக்கள் ஓட்டுக்கே விட்டுவிட்டால் அரசியல்வாதி நோக்கம் என்ற பிரச்சினையே இல்லையே?

மிசிசிப்பி மாநிலத்தில் விட்டுப் பார்த்தார்கள். மாநிலக் கொடியின் மூலையிலேயே இந்தப் போர்க்கொடி இருந்தது. 2001 வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் அதுவே இருக்கட்டும் என்றார்கள். 2020-ல் கல்லூரி விளையாட்டு அமைப்புகள் பெரிய போட்டிகளை அங்கே நடத்தமாட்டோம் என்று சொன்னபிறகு சட்டமன்றமே அதைக் கைவிட்டது. அந்த நவம்பரில் மக்னோலியாப் பூப் போட்ட புதுக் கொடிக்கு எழுபது சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. பத்தொன்பது வருஷத்தில் மக்கள் மனம் மாறியதா, விளையாட்டு மாற்றியதா என்று என்னைக் கேட்காதீர்கள். பெரும்பான்மையைக் கேட்டால் பெரும்பான்மையின் பாட்டனார் நினைவுதான் ஜெயிக்கும், கொஞ்ச நாளைக்காவது.

மருது பாண்டியர் பெயரைத் திரும்ப வைக்கச் சொல்லி ஒரு மனு சுற்றியதாமே, நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா?

கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர் நீட்டினார். படித்தேன். நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள், திருப்பத்தூர்க் கோட்டை, தூக்குமரம் எல்லாம் இருந்தது. போடுகிறேன், ஆனால் வீரன் சுந்தரலிங்கம் பெயரையும் விருதுநகர் வண்டிகளுக்குத் திரும்ப வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டு வாருங்கள், பேனா எடுத்து வைக்கிறேன் என்றேன். மற்றவர்களிடம் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று மடித்துப் பையில் வைத்தார். போன மாதம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. இந்த மாதக் காபிச் செலவு அவருடையது.